இருபதுக்குப் பதினெட்டு

கன்னங்குறிச்சி,
20.7.2022

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. குறை சொல்லவில்லை. நைட் டூட்டி முடித்து வந்து, சமைத்து, பிள்ளையைக் கிளப்பி அனுப்புகிறவளுக்கு நேரம் எங்கே இருக்கும். ஆனால் குரூப்பில் சித்தி போடும் குட்மார்னிங் படத்துக்கு மட்டும் தவறாமல் பூ போடுகிறாய், அதையும் பார்க்கிறேன். சரி, அதை விடு.

கூடையில் மல்கோவா 12 இருக்கிறது. சீசன் முடிந்துவிட்டது, இதுதான் கடைசி. அப்பா சின்னக்கடை வீதியில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கினார். வைக்கோலிலேயே இன்னும் 2 நாள் இருக்கட்டும். தட்டுவடை குட்டிக்கு. பீட்ரூட்டும் கேரட்டும் துருவி, இரண்டு சட்னியும் அரைத்து செட்டாகப் போட்டுக் கொடுத்தால்தான் தின்பான். மிளகு மேலே ஏற்காட்டில் நம் பள்ளிக்கூடத்து ஆயம்மா வீட்டுக் கொடியில் காய்த்தது. அந்தப் பொட்டலத்துக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர் இருக்கும். கடிதத்தை முழுவதும் படித்துவிட்டு அதைப் பிரி.

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. மேட்டூர் அணை 120 அடி நிரம்பிவிட்டது, தான் கட்டின அணை மாதிரி டிவி முன்னால் உட்கார்ந்து பெருமைப்படுகிறார். ஆடிப் பதினெட்டுக்குக் குட்டி வந்தால் மேட்டூர் போகலாம் என்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

மே மாதமே வருவான் என்றுதான் இருந்தோம். கொரோனாவால் நின்றுபோன ஏற்காடு கோடை விழா இந்த வருடம்தான் மறுபடி நடந்தது. பூ பொம்மையெல்லாம் காட்டலாம் என்று அப்பா திட்டம் போட்டிருந்தார். டியூஷன் வைத்திருக்கிறேன், அனுப்ப முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஏழு வயதுப் பிள்ளைக்கு மே மாதத்தில் டியூஷனா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லாமல் போனதற்கு வேறு காரணம் இருக்கிறது.

குட்டியைத் தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல். பாடப் புத்தகம்கூட வேண்டாம். பால் பாக்கெட், பஸ் போர்டு, கடைப் பெயர்ப் பலகை எதுவாக இருந்தாலும் போதும். நீயும் பக்கத்தில் உட்கார். தப்பாகப் படித்தால் அடிக்காதே.

பள்ளிக்கூடத்துச் செய்தி கேட்பாயே. எனக்கு இந்த ஆகஸ்டோடு 60 முடிகிறது, கல்வியாண்டு முடியும்வரை இருக்கலாம். 58இல் போயிருக்க வேண்டியவள். 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள், மறு வருடம் 60 என்றார்கள். ஓய்வாக உட்கார வேண்டிய 2 வருடமும் செல்போனோடு உட்கார்ந்ததுதான் மிச்சம். ஜூன் 13 திறந்ததிலிருந்து எங்களுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்க வேண்டும். என் மூன்றாம் வகுப்பில் 11 பேர். அதில் 7 பேர் அரும்பு, அதாவது எழுத்திலிருந்து தொடங்க வேண்டியவர்கள். பட்டியலை எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020இல், நம் குட்டி மாதிரியே.

அந்த வருடம் மேலே பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. உன் வார்டில் நீ பார்த்ததற்கு முன்னால் இதெல்லாம் ஒரு கதையா என்று விட்டுவிட்டேன். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துப் பாடம் அனுப்பச் சொன்னார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கும் மேலே ஒற்றையடிப் பாதையில் போகிற ஊரில், போன் இருக்கிற வீடே பாதி. அந்தப் போனும் விடிந்தால் அப்பன் பாக்கெட்டில் எஸ்டேட்டுக்குப் போய்விடும். ராத்திரி 7 மணிக்குத் திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது, இல்லாவிட்டால் டேட்டா இருக்காது. டிவியில் கல்வித் தொலைக்காட்சி வருகிறதே என்றார்கள். ஆடிக் காற்றில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பிமேல் சாய்ந்தால் 2 நாளைக்குக் கரண்ட் இருக்காது. இதற்கு நடுவே இன்றைக்கு எத்தனை பேர் பாடம் பார்த்தார்கள் என்று தினமும் கணக்குக் கேட்பார்கள். நானும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்புவேன். சத்துணவு அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்களே, அந்த நாளில்தான் பிள்ளைகளின் முகத்தையே பார்த்தேன். அதுவும் பாதி முகம், மாஸ்க்.

ஒரு பையன் இருந்தான். அவன் ஊரில் சிக்னல் ஒரே ஒரு பாறைமேல்தான் கிடைக்கும். அவன் பயிற்சித்தாள் மட்டும் வாரம் தவறாமல் வரும், அழகான எழுத்தில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படி எழுதாது என்று எனக்குத் தெரியாதா? அவன் அம்மாவைப் போனில் பிடித்துப் பிடிபிடி என்று பிடித்தேன். நீங்களே எழுதிக் கொடுத்தால் பிள்ளை எப்படி உருப்படும், அவன் வாழ்க்கையை நீங்களே கெடுக்கலாமா என்றெல்லாம் பேசினேன். காப்பிப் பழம் பறிக்கிற நேரம், பொழுதெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "டீச்சர், எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுங்க. அவங்கக்கா எழுதுனா. ராத்திரி பாறை மேல உட்கார்ந்து அவன் எப்படிங்க எழுதுவான்?" என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த அக்கா அப்போது 12ஆம் வகுப்பு. 2021இல் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லையே, அந்த செட். இப்போது இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருக்கிறாள், மாதம் 1,000 ரூபாய். சாயங்காலம் அவள் வீட்டுத் திண்ணையில்தான் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம். தம்பி இன்னும் அரும்புதான், ஆனால் போன வாரம் 'படம்', 'மரம்' என்று எழுத்துக்கூட்டிவிட்டான்.

இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன். சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது நீ குளிக்கப் போயிருந்தாய். குட்டிதான் எடுத்தான். சாப்பிட்டாயா, விளையாடினாயா என்று கேட்டேன். எதற்கும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, குரலை இறக்கி, "அம்மாயி, நான் சொல்லலை" என்றான். எதைடா என்றேன். "நீ எழுதினதை. அம்மா அடிச்சாங்க. அப்பவும் சொல்லலை."

அவன் சொல்லாததை நான் சொல்கிறேன்.

ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அவன் இங்கே எங்களோடு இருந்தபோது, அவன் ஸ்கூலில் வைத்த டெஸ்டுகளில் எட்டை நான்தான் எழுதினேன். காலையில் வாட்ஸ்அப்பில் கேள்வித்தாள் வரும். வீட்டில் எழுத வைத்து, போட்டோ எடுத்து 11 மணிக்குள் அனுப்ப வேண்டும். முதல் டெஸ்டுக்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். இழுத்தேன், வரவில்லை. இருந்ததோ ஒரே போன், அப்பாவுடையது பட்டன் போன். அதே நேரத்தில் எனக்கு மேலிடத்திலிருந்து கணக்குக் கேட்டு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. முதலில் அவன் கையைப் பிடித்து எழுத வைத்தேன். அடுத்த மாதம் கையையும் விட்டுவிட்டேன்.

என் கையெழுத்து உனக்குத் தெரியும். தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகைக் கவரெல்லாம் என்னிடம்தான் எழுத வரும். அது தெரிந்துவிடக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். 'ற' வரும் இடத்தில் ஒன்று, 'ழ' வரும் இடத்தில் ஒன்று, வேண்டுமென்றே தப்பு விட்டேன். எல்லாம் சரியாக இருந்தால் சந்தேகம் வருமே. 20க்கு 18. குட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "அம்மாயி, உனக்கு இந்தக் கைல எழுத வராதா?" என்று கேட்டான். அம்மாவிடம் சொல்லாதே என்று நான்தான் சொல்லி வைத்தேன். அந்தப் பாறைப் பையனின் அம்மாவை நான் திட்டியதும் இதே மாதங்களில்தான்.

அந்த 18 வந்த அன்றைக்கு ராத்திரி நீ வீடியோ காலில் வந்தாய். 7 நாள் டூட்டி முடிந்து எங்கோ ஒரு ஹாஸ்டல் அறையில் தனியாக இருந்தாய், மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய தழும்பு. பேப்பரைக் காட்டினேன். "பதினெட்டாம்மா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பழியை உன்மேல் போடுவது. டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கு எழுத வரவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதுதான் முதல் காரணம். அவன் மிஸ்ஸும், "பாட்டி டீச்சராச்சே, கவலையே இல்லை" என்று குரூப்பில் போட்டார்கள். அதை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வெட்கம் கெட்டவள்.

33 வருடம் அடுத்தவர் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தேன். 19 மாதம் என் மடியில் கிடந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தால் போதும். உட்காரவில்லை. களைப்பு, பயம், பால்காரர் வீட்டில் சாவு, எதிர்வீட்டில் சாவு. காரணம் சொல்ல நிறைய இருக்கிறது. உன்னிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

படிக்கத் தெரிந்துகொண்டே சோம்பேறித்தனத்தில் ஏமாற்றுகிறான் என்று நினைத்துத்தானே அடித்தாய்? இரண்டு வருடம் 18 வாங்கினவன் இப்போது ஏன் வரிகூடப் படிக்கமாட்டேன் என்கிறான் என்று? அவனுக்குத் தெரியாது கண்ணு. நிஜமாகவே தெரியாது. அவனை அடிக்காதே. கொய்யாக் குச்சி விஷயத்தை நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

நீ அவனை விட்டுவிட்டுப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாயோ என்றும் ஒரு பயம். அப்படி இருந்தால் அதை இன்றைக்கே தூக்கி எறி. நீ போனது எத்தனையோ பேர் மூச்சுக்கு. இங்கே தெருவில் இன்றைக்கும் உன்னைச் சொல்லித்தான் என்னை அடையாளம் சொல்கிறார்கள். இல்லை, எல்லாம் கண்டுபிடித்துவிட்டு என்மேல் கோபமாக இருக்கிறாய் என்றால், அதுவும் சரிதான். இரண்டில் எது என்று மட்டும் சொல்லிவிடு.

டியூஷனை நிறுத்து என்று சொல்லமாட்டேன். அங்கே மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் திணிப்பார்கள், அது ஏறாது. 'ட', 'ப', 'ம' என்று எழுத்திலிருந்து வர வேண்டும். மூன்று மாதம் போதும், நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல். முன்னாலேயே எழுதிவிட்டேனோ? பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன்.

பழுப்புக் கவரில் அந்த எட்டுப் பேப்பரும் இருக்கிறது. டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். தேதி வாரியாக அடுக்கியிருக்கிறேன். குட்டி பார்க்க எடுத்து வை. நான் உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று அவனிடம் நீயே சொல்லிவிடு. இனி அவன் ஒளிக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 5 வெள்ளிக்கிழமை ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் எனக்கு மட்டும் டிக்கெட் போட்டிருக்கிறேன். சனி, ஞாயிறு இருந்துவிட்டுத் திரும்புவேன். சிலேட்டும் பலப்பமும் கொண்டுவருகிறேன். வர வேண்டாம் என்றால் ஒரு வரி அனுப்பு, ரத்து செய்துகொள்கிறேன். மாப்பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது என்பது உன் விருப்பம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போடாமல் கூடைக்குள் வைப்பதும் அதனால்தான்.

மிளகு மழையில் வந்தது, ஈரம் இருக்கும். டப்பாவில் போடுவதற்கு முன்னால் ஒரு வெயில் காய வை.

அன்புடன்,
அம்மா