மில் போனது, ஐயாவின் கடை இருக்கிறது

வெள்ளவத்தை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மகள் அமெரிக்காவில் லோவெல் நகருக்குக் குடிபோயிருக்கிறாள் என்று வாசித்தபோதே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். “பழைய பஞ்சாலைக்குள்ள ஆக்கள் குடியிருக்கினம், நம்புவியோ?” என்று கேட்டிருக்கிறாய். நம்புகிறேன், கூடவே பொறாமையும் வருகிறது.

முதலில் வீட்டுப் புதினம். அண்ணாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது பேப்பரைத் தானே வாசிக்கிறார். சின்னவனுக்குக் கம்பஸில் கடைசி வருடம். மற்றபடி எல்லோரும் சுகம்.

இனி மில் கதைக்கு வருகிறேன். இங்கே கொழும்பில், ஹவ்லொக் வீதியில் இருந்த வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையை நீ மறந்திருக்கமாட்டாய். அந்தக் காணியில்தான் இன்று ஹவ்லொக் சிற்றியின் மாடிவீடுகள் நிற்கின்றன. 1933இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. வேலை செய்தவர்கள் ஏறக்குறைய 1,400 பேர், அவர்களில் பலர் மலையாளிகள். இடதுசாரி இளைஞர் அணியினரோடு வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்றார். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்கவோ மலையாளிகளுக்கு எதிராகப் பேசினார். இரண்டு வருடம் கழித்து, 1935இல், கொல்வினும் அந்த இளைஞர்களும் சேர்ந்து லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். இந்த நாட்டு இடதுசாரி அரசியலின் ஒரு வேர் அந்த மில் வாசலில் இருக்கிறது. அவ்வழியால் தினமும் போய்வருகிற எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

வீடுகள் வந்ததில் எனக்குக் குறையில்லை. நகரத்துக்கு வீடு வேண்டும், அங்கே எங்கள் சனமும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நெசவுக்கூடத்தை அப்படியே விட்டு, அதைச் சுற்றி மாடிகளை எழுப்பியிருந்தால் யாருக்கு என்ன நட்டம் வந்திருக்கும்?

உங்கள் லோவெலில் அதைச் செய்திருக்கிறார்கள். 1978இல் நகரின் ஆலைகளும் கால்வாய்களும் தேசிய வரலாற்றுப் பூங்காவாயின. அங்குள்ள பூட் மில் என்ற பஞ்சாலையில் பழைய தறிகளை இன்னும் ஓட்டிக் காட்டுகிறார்கள். 1834இல் கூலி குறைத்தபோதும், 1836இல் விடுதிச் செலவு ஏறியபோதும் வேலையை விட்டு வீதிக்கு இறங்கிய பெண்களின் கதையையும் அந்த ஊர் ஒளிக்காமல் சொல்கிறது. பழைய கட்டடம் மீது வைத்த பாசத்தால் மட்டும் இது நடந்துவிடவில்லை, கணக்கும் பொருந்தியது. தடித்த செங்கல் சுவர், உயர்ந்த கூரை, வெளிச்சம் வரும் பெரிய யன்னல் எல்லாம் வீடாக்கத் தோதானவை. அதோடு, விதிப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதத்தை அமெரிக்க அரசு வரியில் கழித்துவிடுகிறது. இடிப்பதைவிடத் திருத்துவது இலாபம் என்று ஆக்கிவிட்டால் முதலாளியும் திருத்தத்தான் பார்ப்பான்.

கொழும்பிலும் நல்லது நடக்காமல் இல்லை. கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைத் திருத்தி 2011இல் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாகத் திறந்தார்கள். அழகான வேலை, மறுக்கமாட்டேன். ஆனால் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிறவர் அங்கே இருந்து ஒரு பிளேன்டீ குடிக்க முடியாது. அதைவிட எனக்குப் பிடித்தது, மருதானையில் திரிப்போலி மார்க்கெட் பண்டகசாலைகளைக் கணினிக் கம்பனிகளுக்கு அலுவலகமாக்கியது. அங்கே இளம் பிள்ளைகளுக்குத் தினமும் வேலை இருக்கிறது.

இவ்வளவும் எழுதியது எங்கள் ஊர் பருத்தித்துறைக்கு வரத்தான். தெருமூடி மடத்தை நினைத்துப் பார். தெரு அதன் ஊடாகவே போகிறது, இரு பக்கமும் திண்ணை. ஊரின் நடுவில் யாரும் காசு கொடுக்காமல் இருந்து இளைப்பாறலாம். அப்படி ஒரு கட்டடத்தைக் கட்டிய ஊரில், இன்று ஓட்டுக் கூரையும் பலகைக் கதவும் கொண்ட கடைகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. அந்த இடத்தில் கண்ணாடி முகப்போடு அலுவலகக் கட்டடம் எழும்புகிறது. பின்னேரம் அதைப் பூட்டினால் தெருவே இருண்டுவிடும். கீழே கடை, மேலே குடும்பம் என்று இருந்த காலத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சமும் பேச்சும் இருக்கும்.

கூரையை விழுத்துவது மழையும் கறையானும் என்கிறார்கள். நான் பார்த்தமட்டில் அது காணி உறுதிப் பத்திரத்தில்தான் தொடங்குகிறது. ஐந்து பிள்ளைகள் ஐந்து நாட்டில், காணி பிரிபடாமல் கிடக்கிறது. வாடகைக்குக் கொடுக்கக் கையெழுத்து வைக்க ஆள் இல்லை, திருத்த ஆள் இல்லை. கடைசியில் வாங்குகிறவன் இடிக்கத்தான் வாங்குகிறான்.

உன் ஐயாவின் கடையும் அப்படித்தான் கிடக்கிறது, வசந்தி. போன மாதம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். பின்பக்கம் ஓடு சரிந்திருக்கிறது, முன்சுவரும் கூரை வளைகளும் நல்ல உறுதி. விற்கச் சொல்லவில்லை. நீங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம், எழுதிக் கொடுங்கள். முகப்பைத் தொடாமல் கூரையைத் திருத்துகிறவருக்குப் பத்து வருடக் குத்தகை, திருத்தும் செலவு வாடகையில் கழியும் என்று எழுதலாம். சொத்து உங்களுடையதாகவே இருக்கும். தையல் மெஷின் நாலு போட இடம் தேடுகிற பெண்கள் எனக்குத் தெரிந்து ஊரில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் கடைத்தெருக்களை மீட்கும் வேலையை 1977இல் மூன்று சிறு ஊர்களில்தான் தொடங்கினார்கள். நாங்கள் ஒரு கடையில் தொடங்குவோம்.

மாரி மழைக்கு முன் கூரை வேலை முடியவேண்டும். அதனால் இந்தக் கிழமையே அண்ணாமாரோடு கதைத்துவிட்டு எழுது. இங்கே நொத்தாரிசைப் பார்க்கிற வேலை என்னுடையது. மகளுக்கு என் அன்பைச் சொல்லு.

என்றும் உன்,
சாந்தி