அண்ணனுக்குக் காது மெஷின் வாங்கும் முன்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்தேன். அண்ணனுக்கு டி.வி. சத்தம் போதவில்லை, போனில் பேரன் பேசினால் 'என்னப்பா, என்னப்பா' என்கிறார், விசேஷ வீடுகளில் தனியாக ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. நானும் ஒரு வருஷம் அப்படித்தான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. வெளியூர்ப் போன்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் எக்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மழைநாளில் இரைகிற லைனில் யாரோ முனகுகிற ஊரையும் பேரையும் நம்பரையும் பிசகாமல் அழைப்புச் சீட்டில் எழுதியவர்கள் நாம். அந்தக் காது போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எந்தக் கம்பெனி மெஷின் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நான் இரண்டு தடவை வாங்கினேன். முதல் தடவை பட்டதை முதலில் சொல்கிறேன், கேள்.

எனக்கு முதலில் தெரிந்தது குக்கரில்தான். மூன்று விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டும் என்று அடுப்படியிலேயே நிற்பேன். மருமகள் ஓடி வந்து, 'அத்தை, ஆறாவது விசில்' என்பாள். அவள் குரல் எனக்குக் கேட்கும், விசில் கேட்காது. வயசாகும்போது முதலில் போவது கீச்சுச் சத்தங்கள்தான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அதனால்தான் 'காது நல்லாத்தானே இருக்கு' என்று நாமே ஏமாந்துபோகிறோம். அ, ஆ, ஓ மாதிரி உயிரெழுத்து ஓசைகள் கனமானவை, அவை கேட்டுவிடும். ச, த, க, ப இவற்றுக்குரிய மெல்லிய ஓசை போய்விடும். கட்டு, தட்டு, பட்டு எல்லாம் ஒரே மாதிரி விழும். ஆள் பேசுவது கேட்கிறது, என்ன பேசினார் என்று புரியாது. அண்ணனுக்கும் இதுதானா என்று பார். 'கத்தாதே, தெளிவாப் பேசு' என்று அவர் எரிந்து விழுந்தால் பெரும்பாலும் இதுதான்.

சரி, கடைக்கு வருகிறேன். பேப்பரில் 'இலவசக் காது பரிசோதனை' என்று விளம்பரம் பார்த்து என் மகன் கூட்டிக்கொண்டு போனான். ரோட்டைப் பார்த்த கண்ணாடிக் கதவு அறை. வெளியே பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்க, என் காதில் ஹெட்போனை மாட்டிப் பத்து நிமிஷத்தில் பரிசோதனையை முடித்துவிட்டார்கள். காதுக்குள்ளேயே மறைந்துவிடும், வெளியே தெரியாது என்று ஒரு சின்ன மெஷினைக் காட்டினார்கள். வெளியே தெரியாது என்ற ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். ஜோடி 1,10,000 ரூபாய். மகன் கார்டில் கட்டினான்.

போட்ட அன்றைக்கே என் குரல் எனக்குக் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல் இருந்தது. பேத்தியைக் கட்டிப்பிடித்தால் கீ என்று ஊளையிடும். குழந்தை பயந்து விலகிப் போவாள். கடைக்கு நான்கு தடவை போனேன். மூன்று தடவை வேறு வேறு ஆள். ஒவ்வொருவரும் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தார்களே தவிர, 'எங்கே கேட்கவில்லை, யார் பேசினால் புரியவில்லை' என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினான்காவது மாதம் வலது பக்கம் அடியோடு நின்றுபோனது. இரண்டு வருஷ வாரன்ட்டி இருந்தது. ஆனால் உள்ளே ஈரம் போயிருக்கிறது, அது வாரன்ட்டியில் வராது, 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மாற்று மெஷின் தரமாட்டார்கள். இருபத்து நான்கு நாள் ஒற்றைக் காதோடு இருந்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் ராத்திரி வாரன்ட்டி அட்டையை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். ஈரத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. மறுநாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிந்தேன். அட்டையின் நகலை வைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் கடைக்கு எழுதினேன். பத்து நாளில் அவர்களே கூப்பிட்டுக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். பில், வாரன்ட்டி அட்டை, ரிப்பேருக்குக் கொடுக்கும்போது வாங்கும் ரசீது மூன்றையும் ஒரு கவரில் போட்டு வை. ரசீது தராமல் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டால் விடாதே.

சரியாகி வந்த பிறகும் எனக்கு அது ஒத்துவரவில்லை. நம் செக்‌ஷனில் இருந்த ஒருவரின் மகள் சொல்லி, தனியாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு ஆடியாலஜிஸ்ட் பெண்ணிடம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து மெஷின் பொருத்துகிறவளிடம், போனேன். அந்தப் பெண் மெஷினைத் தொடவே இல்லை. 'முதல்ல காது டாக்டரைப் பார்த்துட்டு வாங்கம்மா, அழுக்கு அடைச்சிருந்தா இந்த டெஸ்ட்டே தப்பா வரும்' என்று அனுப்பிவிட்டாள். ஒரு காதில் உண்மையிலேயே அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகு, வெளிச் சத்தம் நுழையாத அறைக்குள் உட்காரவைத்து, கனமான ஓசையான 250 ஹெர்ட்ஸிலிருந்து கீச்சு ஓசையான 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பொறுமையாகச் சோதித்தாள். அதை ஆடியோகிராம் என்கிற தாளில் கோடாக வரைந்து காட்டினாள். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு இடப்பக்கம் மேலே இருந்து வலப்பக்கம் மலைச்சரிவு போல இறங்கியது. கனமான ஓசை எனக்கு அநேகமாகச் சரியாகவே கேட்கிறது. அப்படிப்பட்ட காதை முழுசாக அடைத்தால் நம் குரலே உள்ளே சுற்றிச் சுற்றி இரையுமாம். குடத்துச் சத்தத்துக்கு அதுதான் காரணம். ஊளைச் சத்தம் மெஷினிலிருந்து வெளியே கசியும் ஒலி மறுபடி அதன் மைக்கிலேயே போய் விழுவதால் வருவது. ஒரு வருஷம் நான் பட்ட இரண்டு அவஸ்தையையும் இரண்டு நிமிஷத்தில் விளக்கிவிட்டாள், சரோஜா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழைய மெஷினையே சரிசெய்து தாம்மா என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தாள், திறக்கவில்லை. அந்தக் கடைக்காரர்களின் மென்பொருளில் மட்டும் திறக்கும்படி பூட்டியிருந்தது. வேறு ஊருக்குக் குடிபோனாலும், அந்தக் கடையே மூடிப்போனாலும் நம் மெஷினை இன்னொருவர் தொட முடியாது. வாங்கும்போது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அண்ணனுக்குப் பார்க்கப் போகும்போது உன் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 'இதை வேறு கிளினிக்கில் கொடுத்தும் சரிசெய்துகொள்ளலாமா?' வாயால் சொல்வது போதாது, பில்லிலேயே எழுதி வாங்கு.

இரண்டாவது தடவை வாங்கியது காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியாகக் காதுக்குள் போகும் வகை. முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுத்தாள். விலை கூடிய ஒன்றையும் நடுத்தரமான ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டேன். என் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுத்தரமே போதும் என்று தெரிந்தது. ஜோடி 85,000. பொருத்தும் அன்றைக்கு நூல் போல ஒரு குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று அளந்தாள். முதல் கடையில் இது இல்லவே இல்லை. இந்த அளவை எடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டு போ.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தாளித்தபோது கடுகு வெடித்தது கேட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே நின்றேன். பேப்பரைப் புரட்டும் சத்தம், மாடிப்படியில் செருப்புச் சத்தம், பேத்தியின் கொலுசு என்று ஒன்றொன்றாக வந்தன. கூடவே ஃபேன் இரைச்சலும் பாத்திரச் சத்தமும் மண்டையைக் குடைந்தன. நாலாம் நாள் கழற்றி வீசலாமா என்றிருந்தது. இத்தனை வருஷம் கேட்காமல் இருந்த சத்தத்தை மூளை மறுபடி பழக வேண்டும், முதலில் வீட்டுக்குள் சில மணி நேரம் போட்டு நாளுக்கு நாள் கூட்டுங்கள் என்றாள். தினம் பேப்பரைச் சத்தமாக அரை மணி வாசிக்கச் சொன்னாள். ஆறு வாரத்தில் ஃபேன் சத்தம் மறந்துபோனது. அதற்குள் மூன்று தடவை போய் அளவைத் திருத்திக்கொண்டேன், தனிக் காசு கிடையாது. அண்ணன் இரண்டாம் நாளே கழற்றி மேஜையில் வைத்தால் சண்டை போடாதே. கூட உட்கார்ந்து மெதுவாகப் பேசு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் நூறு பேர் பேச்சும் சேர்ந்தால் இப்போதும் எனக்குச் சரியாகப் புரிவதில்லை. எந்த விலை மெஷினும் பழைய காதைத் திருப்பித் தருவதில்லை. ஆனால் பக்கத்தில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினால் முழுசும் புரிகிறது. அதனால் ஓரத்தில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

பராமரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் ஊர் வெயிலில் வியர்வைதான் எமன். ராத்திரி கழற்றியதும் மென்துணியால் துடைத்து, பாட்டரிக் கதவைத் திறந்தபடி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி போட்ட டப்பாவில் வைக்கிறேன். மணியின் நிறம் மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அரிசி டப்பாவில் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், தூசி உள்ளே போகும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொடாதே, மைக் துவாரம் அடைத்துவிடும். திடீரென்று சத்தம் குறைந்தால் பாதி நேரம் காது அழுக்கு வடிகட்டியில் அடைத்திருக்கும். அதை வீட்டிலேயே மாற்ற ஒரு தடவை சொல்லிக் கொடுக்கச் சொல். பாட்டரி காற்றால் வேலை செய்வது. மேலே ஒட்டிய சின்னத் தாளை உரித்து, ஐந்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். எனக்கு 312 அளவு, பழுப்பு நிறத் தாள். ஆரஞ்சு நிறம் 13. வீட்டில் குழந்தை இருப்பதால் பழைய பாட்டரியை மூடி உள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வை. தவறிப்போய் விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வியின் அப்பாவுக்கு அரசு முகாமில் இலவசமாகவே மெஷின் கிடைத்தது. பணமில்லாதவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகவும், முதியோருக்கான 2017-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்திலும் கொடுக்கிறார்கள். ஆனால் அவர் அதை மூன்று மாதம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஊளையிடுகிறதாம். அரசு மருத்துவமனையில் காட்டி, அவர் காதுக்கு அளவெடுத்து அச்சு செய்து மாட்டியதும் ஊளை நின்றுவிட்டது. இப்போது காலையில் அதை மாட்டிக்கொண்டுதான் டீக்கடைக்குப் போகிறார். இலவசமாக வந்ததற்கும் லட்ச ரூபாய் கொடுத்ததற்கும் இதில் வித்தியாசமில்லை. நம் காதுக்குத் தக்கபடி சரிசெய்து கொடுக்க ஒரு ஆள் வேண்டும். நான் கம்பெனிப் பெயர் சொல்லாததற்குக் காரணம் இதுதான். உன் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய் வரக்கூடிய தூரத்தில், அடுத்த நாலு வருஷமும் அதே இடத்தில் இருக்கக்கூடிய நல்ல ஆடியாலஜிஸ்ட்டை முதலில் தேடு. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேள். ரிப்பேர் நாட்களில் மாற்று மெஷின் தருவார்களா, வாரன்ட்டி முடிந்த பிறகு ஒரு தடவை போனால் என்ன கட்டணம் என்பதையும் கேட்டுக்கொள். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் அதையும் ஒரு கண் பார்.

இன்னொன்று. அண்ணனுக்கு ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் கடைக்கெல்லாம் போகாதே, அன்றைக்கே காது டாக்டரிடம் ஓடு. அதற்குத் தாமதிக்கக் கூடாது.

இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு முழங்கால் வலி இருக்கிறது, நடை குறைந்திருக்கிறது. பேத்தி யு.கே.ஜி. போகிறாள். சித்திரைக்கு நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும், இந்தத் தடவை சாக்குச் சொல்லாதே.

அண்ணனுக்கு ஏற்கெனவே எடுத்த ஆடியோகிராம் தாள் இருந்தால் மருமகளிடம் சொல்லிப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. வருகிற 14-ஆம் தேதி எனக்கு மெஷினைச் சுத்தம் செய்ய கிளினிக்கில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் காட்டி, உங்கள் ஊரில் அவளுடன் படித்தவர்கள் யாராவது கிளினிக் வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டு, அன்று சாயங்காலமே உனக்குப் போன் பண்ணுகிறேன்.

அன்புடன்,
ராஜேஸ்வரி