உதயம் ஸ்டாப் என்ற பெயராவது இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அசோக் நகர் உதயம் தியேட்டரை 2024-ல் மூடினார்கள். 1983-ல் அது திறந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஒரே வளாகத்தில் உதயம், சூரியன், சந்திரன் என்று மூன்று திரைகள். பிற்பாடு மினி உதயமும் சேர்ந்தது. மால், மல்டிபிளெக்ஸ் என்ற சொற்களெல்லாம் எங்கள் பக்கம் வராத காலம். இந்தப் படத்துக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டதா, சரி, பக்கத்துத் திரையில் கேட்போம் என்று நகர்வோம். வந்தவர்கள் சும்மா திரும்பியதில்லை.

அப்பாவுக்குச் சம்பளம் வந்த வாரம் கே.கே. நகரிலிருந்து ஐந்து பேரும் நடந்தே போவோம். இடைவேளையில் ஒரு பாப்கார்ன் பொட்டலத்தை ஐவரும் பங்கு போடுவோம். அம்மா கடைசியாகத் தியேட்டரில் படம் பார்த்ததும் அங்கேதான்.

இன்றும் நூறடிச் சாலையில் ஷேர் ஆட்டோக்காரரிடம் "உதயம்" என்றால் போதும், சரியாக இறக்கிவிடுகிறார். அந்த நிறுத்தத்தின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று மாநகராட்சியையும் போக்குவரத்துக் கழகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். தியேட்டர் இருந்த ஆண்டுகளைக் குறித்து ஒரு சிறு கல்வெட்டும் வைத்தால் நன்றாயிருக்கும்.

ஒரு வாசகி,
கே.கே. நகர், சென்னை