ஏற்றுக்கொண்ட விலையில் அனுப்பி வையுங்கள்: கணினி மொத்த விநியோக நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விநியோக நிறுவன நிர்வாகிகளுக்கும் விற்பனைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நாங்கள் பதிவு செய்து, நீங்கள் ஏற்றுக்கொண்டு, ஆர்டர் எண்ணும் வழங்கிவிட்ட சரக்கின் விலையை, அது உங்கள் கிடங்கை விட்டுக் கிளம்புவதற்கு முன் மாற்றி எழுதும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இந்த மடல் முழுவதும் இந்த ஒரு கோரிக்கைக்காகவே எழுதப்படுகிறது. உங்களிடம் சரக்கெடுத்து அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொண்டுசேர்க்கும் சிறு விற்பனையாளர்களில் நானும் ஒருவன். என்னைப் போன்றவர்கள் தனித்தனியாக அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு, ‘விலை முன்னறிவிப்பின்றி மாறக்கூடும்’ என்ற ஒற்றை வரியே பதிலாக வருகிறது. பொதுவெளியில் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

2025-இன் பிற்பகுதியில் மெமரி விலை ஏறியதற்கான காரணம் எங்களுக்கும் தெரியும். கணினி இயங்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரியான டிராமின் உலக உற்பத்தியில் மிகப் பெரும் பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான, மிக வேகமாகத் தரவைக் கடத்தும் உயர் அலைவரிசை மெமரியின் (HBM) பக்கம் அவை தங்கள் உற்பத்தியைத் திருப்பியபோது, சாதாரண மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் வேண்டிய மெமரி குறைந்துபோனது. மைக்ரான் 2025 டிசம்பரில், குருஷியல் என்ற பெயரில் நடத்திவந்த நுகர்வோர் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்ததால், பழைய கணினிகளை மாற்றியே தீர வேண்டிய நிலையில் பல வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இவற்றில் எதற்கும் நீங்கள் காரணம் இல்லை. அப்படி நாங்கள் சொல்லவும் இல்லை. விலை ஏறியது உங்கள் தவறன்று. ஏறிய விலையை யார் தலையில் இறக்குவது என்ற முடிவு மட்டும் உங்களுடையது.

இந்த மடலை எழுதவைத்த நிகழ்வு ஒரு பள்ளியின் கணினி ஆய்வகம் தொடர்பானது. மாணவர்கள் பயன்படுத்திவந்த கணினிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. நிர்வாகக் குழு கூடி, தொகையை ஒதுக்கி, எங்கள் கோட்டேஷனை ஒப்புக்கொண்டு, முன்பணமும் தந்தது. அந்தக் கோட்டேஷன், விநியோக நிறுவனமொன்று எழுத்தில் தந்த விலையை அடிப்படையாகக் கொண்டது. அதன் செல்லுபடிக் காலம் முடிவதற்கு முன்பே ஆர்டரைப் பதிவு செய்தோம். ஏற்பும் ஆர்டர் எண்ணும் விநியோகத் தேதியும் வந்தன. அதன் பிறகு தேதி தள்ளிப்போனது. ஒரு முறை தள்ளிப்போனால் புரிந்துகொள்ளலாம். அது மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், ஆர்டர் ‘நிலுவை’ என்ற நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தது. இறுதியில் வந்த மின்னஞ்சல், அதே ஆர்டருக்குப் புதிய விலையைக் குறிப்பிட்டு, அன்று மாலைக்குள் ஒப்புதல் தராவிட்டால் ஆர்டர் தானாகவே ரத்தாகும் என்று தெரிவித்தது.

அந்த மின்னஞ்சல் எங்களை எங்கே நிறுத்தியது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளியிடம் சென்று கூடுதல் தொகை கேட்டால், அவர்கள் மறுபடியும் குழுவைக் கூட்ட வேண்டும். கூட்டினாலும் ஒதுக்குவதற்குப் பணம் இல்லை. மறுத்தால் ஆர்டர் போய்விடும். வேறொருவரிடம் புதிதாக ஆர்டர் போட்டால் அன்றைய விலை அதைவிட அதிகம், வரிசையும் அதைவிட நீளம். ஒப்புக்கொண்டால் அந்த வேலையில் எங்களுக்கிருந்த மொத்த லாபமும் போய், கையிலிருந்தும் பணம் போட வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் எங்கள் நிலைமை. நாங்கள் ஒப்புக்கொண்டோம், ஏனெனில் பள்ளிக்குக் கொடுத்த வார்த்தை எங்களுடையது. வாடிக்கையாளருக்கு உங்கள் பெயர் தெரியாது. அவர் பார்ப்பது எங்கள் முகத்தை மட்டும்தான். ஆனால் எங்கள் ஆர்டர் நிலுவையில் கிடந்த அதே நாட்களில், அதே மாடல் பெரிய விற்பனைத் தளங்களில் உடனே கிடைப்பதாகக் காட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பள்ளி நிர்வாகி அதைத் தன் கைப்பேசியில் எடுத்துக் காட்டி, ‘அங்கே இருக்கிறதே, உங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை?’ என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை இப்போது உங்களிடம் வைக்கிறேன்.

இதில் இன்னொரு சுமையும் இருந்தது. கைக்கு வந்து சேராத அந்தச் சரக்கின் மதிப்பு, நிலுவை ஆர்டர் என்ற கணக்கில் எங்கள் கிரெடிட் லிமிட்டில் பெரும் பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் மற்ற வாடிக்கையாளர்களுக்கு வேண்டிய சிறு சரக்குகளைக்கூட ரொக்கம் கொடுத்து எடுக்க வேண்டியதாயிற்று. சரக்கை அனுப்பும் கடமை உங்களைக் கட்டாது, ஆனால் அதே ஆர்டர் எங்கள் கடன் வரம்பை மட்டும் கட்டும் என்றால், அது என்ன வகையான ஒப்பந்தம்? ஏற்றுக்கொண்ட ஆர்டர் என்பது இரு தரப்பையும் கட்ட வேண்டும். இல்லையேல் யாரையும் கட்டக் கூடாது.

உங்கள் தரப்பு நியாயத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். உங்கள் துறையில் பெரிய நிறுவனங்களின் மொத்த லாப விகிதமே 7 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்குள் கிடங்கு வாடகையும் போக்குவரத்தும் வட்டியும் வராக்கடனும் அடங்க வேண்டும். உற்பத்தியாளர் விலையை ஏற்றினால் அதை நீங்களே விழுங்க முடியாது என்பது உண்மை. ஆனால் உங்களுக்கென்று சில பாதுகாப்புகள் காலங்காலமாக இருக்கின்றன என்பதும் உண்மை. உற்பத்தியாளர் விலையைக் குறைக்கும்போது, குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கி உங்கள் கிடங்கில் விற்காமல் இருக்கும் சரக்குக்கு வித்தியாசத் தொகையைக் கிரெடிட் நோட்டாக, அதாவது கணக்கில் கழித்துக்கொள்ளும் வரவுச் சீட்டாகத் தரும் பிரைஸ் புரொடெக்‌ஷன் ஏற்பாடு உங்களுக்கு உண்டு. விற்காத சரக்கில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வேறு மாடல் எடுத்துக்கொள்ளும் ஸ்டாக் ரொட்டேஷனும் உண்டு. விலை இறங்கினால் உங்கள் நஷ்டத்தில் உற்பத்தியாளர் பங்கெடுக்கிறார். விலை ஏறினால், பழைய விலைக்கு வாங்கிய சரக்கும் புதிய விலைக்கு விற்பனையாகிறது. எங்கள் அலமாரியில் இருக்கும் சரக்குக்கு விலை இறங்கியபோது யாரும் எங்களுக்குக் கிரெடிட் நோட்டு தந்ததில்லை. தந்தாலும் அது உங்கள் வழியாக எங்கள் கைக்கு வந்து சேர்ந்ததில்லை. இறக்கத்திலும் ஏற்றத்திலும் ஒரே தரப்பே இழப்பது வணிக ஆபத்து என்ற சொல்லுக்குள் அடங்காது.

பற்றாக்குறை இத்துறைக்குப் புதிதும் இல்லை. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலைகள் மூழ்கியபோது ஹார்ட் டிஸ்க் விலை சில வாரங்களுக்குள் ஏறக்குறைய இரட்டிப்பானது. பெருந்தொற்றுக் காலத்துச் சில்லுப் பற்றாக்குறையில் சில நெட்வொர்க் சாதனங்களுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஒவ்வொரு முறையும், இது அசாதாரணச் சூழல், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள், நாங்களும் பொறுத்துக்கொண்டோம். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும் சூழலை எப்போதும் அசாதாரணம் என்றே அழைத்து, அதற்கான விதியை எழுதாமல் விட்டுவிடுவது சரியா?

பிடிக்கவில்லை என்றால் வேறு விநியோகஸ்தரிடம் போகலாமே என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் சொன்னார். அவர் இளைஞர், மேலிடம் சொன்னதைச் சொல்கிறார், அவர்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் போவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெரிய விநியோக நிறுவனங்களான, 1974-இல் தொடங்கிய டெக் டேட்டாவும் 1980-இல் தொடங்கிய சின்னெக்ஸும் 2021-இல் ஒரே நிறுவனமாயின. ஒரு பிராண்டின் சரக்கை விரல்விட்டு எண்ணக்கூடிய விநியோகஸ்தர்களிடம் மட்டுமே எடுக்க முடியும் என்பது உற்பத்தியாளர்களும் நீங்களும் சேர்ந்து வகுத்த ஏற்பாடு. 2025 ஜூலையில் இன்னொரு பெரிய விநியோக நிறுவனமான இன்கிராம் மைக்ரோவின் அமைப்புகள், கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகி ஆர்டர் வசதி சில நாட்கள் முடங்கியபோது, பல நாடுகளின் விற்பனையாளர்கள் செய்வதறியாது நின்றார்கள். அந்த நிறுவனம் அங்கே ஒரு குற்றத்தால் பாதிக்கப்பட்ட தரப்பு. அதைக் குறை சொல்வதற்காக நான் இதைக் குறிப்பிடவில்லை. ஒரு வாசல் மூடினால் எத்தனை பேரின் பிழைப்பு நின்றுபோகிறது என்பதை நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். அந்த அளவுக்கு உங்களை நம்பியிருப்பவர்களிடம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது மனத்தைப் புண்படுத்துகிறது.

மென்பொருள் பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழ். அநியாயம் மட்டும் அப்படியே இருக்கிறது. வன்பொருளில் விலையை உங்கள் விருப்பம்போல் மாற்றலாம், உறுதி என்று ஒன்று கிடையாது. சந்தா லைசென்ஸிலோ உறுதியை எங்களால் மாற்றவே முடியாது. மைக்ரோசாஃப்ட் 2022-இல் கொண்டுவந்த புதிய வணிக முறையின்படி, ஓராண்டுச் சந்தாவை எடுத்த பின் ரத்து செய்யவோ எண்ணிக்கையைக் குறைக்கவோ ஏழு நாட்களே அவகாசம். அதற்குப் பின் வாடிக்கையாளரின் நிறுவனம் பாதியாகச் சுருங்கினாலும், கதவையே மூடினாலும், மீதிக் காலத்துக்கான பில் விநியோகஸ்தரிடமிருந்து எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். பிராட்காம் நிறுவனம், ஒரே சர்வரில் பல கணினிகளை இயக்க உதவும் மென்பொருளைத் தரும் விஎம்வேரை 2023 நவம்பரில் வாங்கிய சில வாரங்களிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. அதன் பின்னர் விற்பனையாளர்களுக்கான விஎம்வேரின் பழைய பார்ட்னர் திட்டமும் முடிவுக்கு வந்து, பல ஆண்டுகள் அந்த மென்பொருளை விற்று, நிறுவி, பராமரித்த சிறு நிறுவனங்கள் பல வெளியே நின்றன. அந்த முடிவுகள் உங்களுடையவை அல்ல. ஆனால் எங்கள் சார்பில் உற்பத்தியாளரிடம் பேசக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் மட்டுமே. நீங்கள் பேசினீர்களா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. பேசியிருந்தால் எங்களுக்கும் சொல்லியிருக்கலாம்.

கேட்க வந்ததை விட்டுச் சற்று விலகிவிட்டேன். பல ஆண்டுகளாக மனத்தில் இருந்தவை. மறுபடியும் கோரிக்கைக்கே வருகிறேன். ஏற்றுக்கொண்ட ஆர்டரை ஏற்றுக்கொண்ட விலையிலேயே அனுப்பி வையுங்கள். உங்கள் கிடங்கில் ஏற்கெனவே இருக்கும் சரக்குக்கு இதில் எந்த விதிவிலக்கும் தேவையில்லை. இனிமேல்தான் உற்பத்தியாளரிடமிருந்து வர வேண்டிய சரக்கு என்றால், அதை ஆர்டரை ஏற்கும்போதே எழுத்தில் தெரிவித்து, எந்தத் தேதி வரை அந்த விலையைக் காப்பீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். அந்தத் தேதியை எங்கள் கோட்டேஷனிலும் எழுதி, வாடிக்கையாளரிடம் நேர்மையாகப் பேச எங்களுக்குத் தெரியும். அந்தத் தேதிக்குப் பின் விலை ஏறினால், உற்பத்தியாளர் ஏற்றிய அளவை மட்டும் அவருடைய அறிவிப்போடு சேர்த்துத் தெரிவித்து, ஒப்புக்கொள்ளவோ கட்டணமின்றி ரத்து செய்யவோ எங்களுக்குச் சில வேலை நாட்கள் கொடுங்கள். அன்று மாலைக்குள் முடிவு சொல் என்பது ஒரு வணிகக் கூட்டாளியிடம் பேசும் முறையாகாது. சரக்கு குறைவாக வரும்போது யாருக்கு முதலில் என்பதை ஆர்டர் வந்த வரிசைப்படி முடிவு செய்யுங்கள். அதில் எங்கள் இடம் எது என்று எங்கள் கணக்கிலேயே பார்க்க வழி செய்யுங்கள். அனுப்பப்படாத ஆர்டரை எங்கள் கிரெடிட் லிமிட்டில் சேர்க்காதீர்கள்.

இவற்றில் உங்களுக்குப் பெரும் செலவு வைப்பது எதுவும் இல்லை என்று நம்புகிறேன். இருந்தால், எது, எவ்வளவு என்று சொல்லுங்கள். உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறோம். உற்பத்தியாளருடனான ஒப்பந்தமே தடையாக இருந்தால், எந்த விதி தடுக்கிறது என்று தெரிவியுங்கள். அந்த விதியை மாற்றக் கேட்டு உங்களோடு சேர்ந்து நாங்களும் கையெழுத்திடுவோம்.

அடுத்த காலாண்டு விலைப்பட்டியல் வெளிவருவதற்கு முன், ஏற்றுக்கொண்ட ஆர்டரின் விலை குறித்த உங்கள் நிலைப்பாட்டை விற்பனையாளர்கள் அனைவருக்கும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு சிறு கணினி விற்பனையாளர்