சென்ட்ரேலியாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஊர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கும் போர்ட்லாண்டுக்கும் நடுவே ரயில் நிற்கும் சின்ன ஊர். ஐப்பசியில் பிடிக்கும் மழை பங்குனி தாண்டியும் விடாது, நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆறுகள் கூடும் இடம், அதனால் வெள்ள பயமும் உண்டு. பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

இந்த ஊரை உண்டாக்கியவரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். முதல் ஜனாதிபதி இல்லை, இவர் கறுப்பினத்தவர். 1817-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். அப்பா அடிமை, அம்மா வெள்ளைக்காரி. வளர்த்தது காக்ரன் என்ற வெள்ளைக்காரத் தம்பதி. 1850-இல் அவர்களோடு மேற்கே வந்தார். தெற்கே ஆரிகனில் கறுப்பர்கள் குடியேறவே கூடாது என்று அப்போது சட்டம். அதனால் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே இந்தக் காட்டுக்கு வந்து நிலம் திருத்தினார். ஆனால் குடியேறுபவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச நிலம், கறுப்பர் என்பதால் அவர் பெயருக்குக் கிடைக்காது. காக்ரன் தம்பதிதான் தங்கள் பெயரில் 640 ஏக்கருக்கு மனுப் போட்டார்கள். பிறகு அவர்களிடமிருந்து அவர் அதை விலைக்கு வாங்கினார்.

ரயில் பாதை வந்ததும், 1875-இல் அவரும் மனைவி மேரி ஜேனும் நிலத்தை மனைகளாகப் பிரித்து ஊர் அமைத்தார்கள். மனை 10 டாலர். சர்ச்சுக்கும் இடுகாட்டுக்கும் பூங்காவுக்கும் சும்மாவே கொடுத்தார்கள். தன் பெயருக்கு நிலம் எழுத முடியாமல் இருந்தவர் அப்பா!

1893-இல் நாடு முழுக்கப் பணமுடை. பேங்குகள் மூடின, இங்கே வேலையும் போயிற்று. அவர் போர்ட்லாண்டிலிருந்து அரிசி, மாவு, சர்க்கரை வரவழைத்து வீடு வீடாகக் கொடுத்தார். வட்டியில்லாமல் கடன் கொடுத்தார், வேலையும் போட்டுக் கொடுத்தார். இதைப் படித்தபோது, மழை பொய்த்த வருஷம் நம் கடையில் நீங்கள் கணக்குப் பார்க்காமல் அரிசி அளந்ததுதான் நினைவுக்கு வந்தது. அம்மா அன்று உங்களைத் திட்டியதும்கூட.

1905-இல் வாஷிங்டன் குதிரை வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். மேயர் ஊருக்கே துக்க நாள் அறிவித்தாராம். நடு ஊரில் இருக்கும் பூங்காவுக்கு அவர் பெயர்தான். சாயங்காலம் பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப் போகிறேன்.

அந்நிய ஊரில் நம்மை யார் மதிப்பார்கள் என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். எனக்கு இந்த மண் பிடித்திருக்கிறது அப்பா. இங்கேயே வீடு வாங்கலாம் என்று இருக்கிறோம், உங்கள் சம்மதம் வேண்டும். ஆடி, ஆவணியில் நல்ல வெயில் இருக்கும், அப்போது நீங்களும் அம்மாவும் வாருங்கள். பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்