கோட்டை மானும் என் பூசணியும்

திருகோணமலை
செப்டம்பர் 14

அன்பின் ரவி,

பதில் எழுதாததற்கு நீ எப்படித் திட்டியிருப்பாய் என்று தெரியும். அதையெல்லாம் என் காதுக்குள்ளேயே ஒருமுறை கேட்டுவிட்டேன், மறுபடி எழுதிச் சிரமப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மட்டக்களப்பில் வேலை கிடைத்திருக்கிறது. பரமண்ணர் இன்னும் அதே சைக்கிளில், அதே வேகத்தில்தான்.

விஷயம் இதுதான்: நான் தோட்டக்காரன் ஆகிவிட்டேன். சிரித்து முடி, காத்திருக்கிறேன்.

2022 ஜூனில், பயிர் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள் அல்லவா? அந்த வெள்ளிகளை நான் கழித்த விதம் வசந்திக்கு மறக்கவில்லை. பென்ஷனில் வந்த கையோடு மண்வெட்டியைத் தந்து, "இனியாவது அரசாங்கத்தின் கடனைத் தீருங்கள்" என்றாள்.

நம் வளவு மண்ணை நீ அறிவாய், வெறும் கடற்கரை மணல். எத்தனை வாளி ஊற்றினாலும் ஈரம் நிற்காது. மாட்டெருவும் தென்னந்தும்பும் போட்டுக் கொஞ்சம் தேற்றினேன். அதற்குள் வறண்ட கச்சான் காற்று தொடங்கித் தக்காளி இலைகளைக் கருக்கிவிட்டது. மிளகாய்க்கு இலைச்சுருட்டல். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தேன். வீடு நாறியதே தவிரப் பூச்சி அசையவில்லை. பூசணி மட்டும் பூத்துக் குலுங்கியது, ஆனால் காயைக் காணோம். அடுத்த வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "தம்பி, இது முழுக்க ஆண் பூ" என்றார். பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று இருக்குமாம். அது விரிகிற அன்று விடியவே ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தை உள்ளே தடவிவிட வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடிவிடும். இந்த வயதில் பூசணிக்குக் கல்யாணம் செய்து வைத்தேன், மச்சான். காயும் பிடித்தது.

அதைத்தான் மான் தின்றது.

கோட்டை மான்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? கோணேசர் கோவிலடியில் உன் அர்ச்சனைத் தட்டைப் பறித்த பரம்பரைதான். இப்போது அவை கோட்டையோடு நிற்பதில்லை. இருட்டினால் டைக் வீதி, கடற்கரை என்று குப்பையைக் கிளறித் திரிகின்றன. வசந்தியின் தம்பி ஒரு பழைய தங்கூசி நைலான் மீன்வலையைக் கொண்டுவந்து வேலியில் கட்டினான். போன மாதம் ஒரு விடியற்காலை, கிளைத்த கொம்போடு ஒரு ஆண் மான் அதில் மாட்டிக்கொண்டு நின்றது. உதறிய உதறலில் வலை கழுத்துவரை இறுகியிருந்தது. பரமண்ணர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கொம்பைப் பிடித்தார், நான் மீன் வெட்டும் கத்தியால் இழை இழையாக அறுத்தேன். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. கடைவாயில் பொலித்தீன் பையின் கிழிசல் ஒன்று தொங்கியது. இழுத்தேன், வரவில்லை, பாதி உள்ளே போயிருந்தது. கடைசி இழை அறுந்ததும், நன்றிக்கடனாகப் பயற்றைப் பந்தலைச் சாய்த்துவிட்டு மதில் தாண்டி ஓடிவிட்டது.

ரவி, அந்தப் பை என் மனத்தை விட்டுப் போகவில்லை. கோடையில் கோட்டைக்குள் புல் ஏது? சுற்றுலா வருகிறவர்கள் பணிசும் ரோல்ஸும் நீட்டிப் படம் பிடிக்கிறார்கள், சுற்றிய பையை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். மான் இந்த ஊருக்கு அழகு என்று எல்லோரும்தான் பேசுகிறோம். இந்த வெக்கையில் ஒரு வாய் தண்ணீர் வைக்க ஆளைக் காணோம்.

வலையை அவிழ்த்து எறிந்துவிட்டேன். கேற்றுக்கு வெளியே ஒரு சீமெந்துத் தொட்டியில் தண்ணீர் வைக்கிறேன். "நீங்கள் வளர்ப்பது தோட்டமா, மானா?" என்கிறாள் வசந்தி. மிஞ்சியிருப்பது பாகற்கொடி ஒன்றுதான். மான்கள் முகர்ந்துவிட்டு விலகிப் போகின்றன, நம் வீட்டாரும் அப்படித்தான்.

மாரி மழை தொடங்கியதும் மறுபடி கத்தரி நட வேண்டுமாம், உத்தரவு வந்தாகிவிட்டது. மார்கழியில் நீ வருவதாக லோகன் சொன்னான், உண்மையா? வந்தால் அங்கிருந்து விதை எதையும் கொண்டுவந்து தொலைக்காதே. இருக்கிற வேலையே போதும்.

அன்புடன்,
செல்வம்