சோழி எண்ணிய அப்பத்தாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

பாம்பன் சின்னப்பாலத்துச் சொந்தங்களுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். மகன் நன்றாக இருக்கிறான், எனக்கும் பிரஷர் இறங்கிவிட்டது. வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய அன்று ராத்திரி நடந்தது உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

108 வண்டி ஓட்டி வந்த தம்பி, ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள், நர்சுகள், ரத்தம் கொடுத்த பையன்கள், தொழிலுக்குப் போகாமல் என் வீட்டுக்காரர் கூடவே நின்றவர்கள், எல்லோருக்கும் பெரிய கும்பிடு.

பக்கத்து வீட்டு அப்பத்தாவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏழு மாதம் முடிந்ததும் சுகாதார செவிலியர் அக்கா, "சாப்பிட்டுட்டு இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்து அசைவை எண்ணு. 2 மணி நேரத்துல 10 வரணும். குறைஞ்சா விடியட்டும்னு இருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் பிள்ளையை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் நான். எண்ண ஆரம்பித்தாலே நெஞ்சு படபடக்கும், கணக்குத் தப்பிவிடும். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, மறுநாள் கிண்ணமும் சோழியுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். "நீ 'ம்' மட்டும் சொல்லு. எண்றது என் பாடு."

பகலில் கடலில் முங்கிக் கஞ்சிப்பாசி என்ற கடல்பாசி எடுப்பவர். விரலில் சுற்றிய துணியைக்கூடச் சில நாள் அவிழ்க்காமல் வருவார். ஒவ்வொரு 'ம்'முக்கும் ஒரு சோழி. பத்து விழுந்ததும் எழுந்து போய்விடுவார், ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டார்.

அன்று நாலுதான் விழுந்தது. "பிள்ளை தூங்குது, சோடா குடிச்சுப் பாரு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள், நல்ல மனசில்தான். அப்பத்தா யாரோடும் வாதாடவில்லை. போனை நீட்டி, "108 அமுக்கிக் குடு" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அசைவு குறைந்தாலே ஆபத்து என்றில்லை. எல்லாப் பிள்ளையையும் இப்படிக் காப்பாற்றிவிடவும் முடியாது. ஆனால் போய்ப் பார்த்தால்தானே தெரியும்? இனி நம் தெருவில் எவள் மாசமாக இருந்தாலும் அவள் பக்கத்தில் நான் உட்காருவேன்.

அப்புறம் ஒன்று. இறந்து பிறக்கும் குழந்தையையும் பதிவு செய்ய வேண்டும் என்று 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. என் முதல் பிள்ளை ஏன் போனது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்படிப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவு வேண்டும், காரணத்தை விசாரித்துத் தாயிடம் சொல்ல வேண்டும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் கேட்கப் போகிறேன். அப்பத்தாவும் வருகிறார். மைக்கைக் கண்டால் ஓடிவிடுவார், அதனால் பேசப்போவது நான்தான். நீங்களும் வாருங்கள்.